பத்திரம் இல்லாத ஊரும் பத்திரம் பார்க்கும் பிள்ளைகளும்

கோலார் தங்கவயலைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் சுரங்கத்தின் ஆழத்தையும், வெட்டியெடுத்த தங்கத்தையும், மூடிய பின் ஊர் பட்ட பாட்டையும் எழுதுவார்கள். அவையெல்லாம் எழுதப்பட வேண்டியவையே. ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலர் இப்போது பார்த்துவரும் ஒரு வேலையைப் பற்றி. அதற்கு 'மார்ட்கேஜ் அசோசியேட்' என்று பெயர். வீட்டுக் கடன் கேட்டு வருகிறவரின் காகிதங்களைச் சரிபார்த்து, அந்த வீட்டை அடமானமாக ஏற்கலாமா கூடாதா என்று முடிவு செய்வதற்கு வேண்டியவற்றைத் திரட்டிக் கொடுக்கும் வேலை.

இதில் எழுத என்ன இருக்கிறது என்று அன்பர்கள் கேட்கலாம். சொந்த மண்ணை விட்டு வந்து, வெளியூரில் ஒரு வீடு வாங்க வேண்டும் என்று எண்ணாத தமிழ்க் குடும்பம் நம்மில் எது? அந்த வீட்டுக்கும் நமக்கும் இடையே முகம் தெரியாமல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் செய்யும் வேலையை அறிந்துகொள்வது நமக்கு நல்லது. அதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. நான்கு தலைமுறையாகத் தன் பெயரில் ஒரு முழம் மண்ணுக்குக்கூடப் பத்திரம் பார்த்திராத குடும்பத்துப் பிள்ளைகள், இன்று ஊரார் பத்திரங்களை வரி வரியாகப் படித்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். அந்த மாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

என்னைப் பற்றி இரண்டு வரி: சாம்பியன் ரீஃப் பக்கத்து லைன் ஒன்றில் பிறந்தவன். தகப்பனார் சுரங்கத் தொழிலாளி. சிவில் டிப்ளமோ படித்து ரயில்வேயில் சேர்ந்து, பாதைப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றேன். இப்போது பங்காருப்பேட்டையில் வாசம்.

கம்பெனி வீடு

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலில் கால் வைத்த பிறகு வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம் மக்கள் குடும்பம் குடும்பமாக அங்கே வந்து சேர்ந்தார்கள். 1894-இல் பௌரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காருப்பேட்டைதான்) மாரிகுப்பம் வரை ரயில் பாதை போடப்பட்டது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்துக்குப் போனது. உலகமே வியந்த பொறியியல் வேலைகள் இவை.

ஆனால் அந்த ஆழத்தில் இறங்கி ஏறிய மனிதன் மேலே வந்து படுத்த இடம் எது? கம்பெனி லைன். ஆரம்பத்தில் மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய குடிசைகள். பிறகுதான் படிப்படியாகச் சுவர் வந்தது, ஓடு வந்தது. ஆனால் வீடு மட்டும் கடைசி வரையில் கம்பெனியுடையதாகவே இருந்தது. பேர் நம்பர் இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போகும். 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களைத் தேசியமயமாக்கியது. 1962-இல் மத்திய அரசின் கைக்கு வந்தது. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் அமைந்தது. முதலாளி மாறினார், வீட்டுக்காரர் என்ற இடத்தில் தொழிலாளி பெயர் வரவில்லை.

இதனால் விளைந்த ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. நிலமோ வீடோ பெயரில் இல்லாதவனுக்கு வங்கிக் கடன் எட்டாக்கனி. கல்யாணம், காதுகுத்து, வைத்தியம் எதுவானாலும் அவனுக்கு இருந்தவை இரண்டே வழிகள். ஒன்று, சம்பள நாளில் வாசலில் வந்து நிற்கும் வட்டிக்காரர். மற்றொன்று, ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் இருந்த அடகுக் கடை. நாடே பேசும் அளவுக்குத் தங்கம் எடுத்துக் கொடுத்தவன் வீட்டுக் குண்டுமணித் தங்கம், வருஷத்தில் பாதி நாள் சேட்டுக் கடைப் பெட்டியில்தான் தூங்கும். என் தாயாரின் ஒரு ஜோடிக் கம்மல் எத்தனை தடவை போய் வந்தது என்பதற்குக் கணக்கே கிடையாது.

காகிதம் என்றாலே எங்கள் பெரியவர்களுக்குப் பயம். 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தங்கவயலில் பெரிய வேலைநிறுத்தமே நடந்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவனிடம் ஒரு தாளை நீட்டிப் பெருவிரலை வை என்றால், அதில் எதை எழுதிக்கொண்டார்களோ என்ற கலக்கம் நியாயமானதே.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலை போனது. குடியிருந்த வீட்டின் உரிமை பற்றிய பேச்சும், மனுவும், வழக்கும் அதற்குப் பின் பல ஆண்டுகள் நீண்டன. அப்பா, தாத்தா வாழ்ந்து மறைந்த அதே வீட்டில் குடியிருந்துகொண்டே, 'இது எங்கள் வீடு' என்று காட்ட ஒரு தாள் இல்லாத நிலை.

அடகு வேறு, அடமானம் வேறு

இனி அந்த வேலைக்கு வருவோம். அதற்கு முன் ஒரு சிறு விளக்கம். நகையைக் கொடுத்துப் பணம் வாங்கினால் அது அடகு. பொருள் கடைக்காரர் கைக்குப் போய்விடும். வீட்டை அப்படித் தூக்கிக் கொடுக்க முடியாது. வீட்டில் நாமே குடியிருப்போம்; அதன் மீதுள்ள உரிமையை மட்டும் ஈடாக வைப்போம். அதுவே அடமானம். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 58-ஆவது பிரிவு இதில் ஆறு வகைகளைச் சொல்கிறது. இன்று வங்கிகள் பெரும்பாலும் கையாள்வது, அசல் பத்திரங்களை ஒப்படைத்துக் கடன் பெறும் வகையை.

நான் 1990-களில் வீடு கட்டியபோது ரயில்வேயில் வீடு கட்டும் முன்பணம் பெற்றேன். மத்திய அரசு ஊழியர் பெறும் அந்த முன்பணத்துக்கு வீட்டை யார் பெயருக்கு அடமானம் எழுதிக் கொடுக்க வேண்டும் தெரியுமா? இந்தியக் குடியரசுத் தலைவர் பெயருக்கு! எங்கள் வம்சத்தில் முதன்முதலாக எழுதப்பட்ட சொத்துப் பத்திரம் கிரயப் பத்திரம்; இரண்டாவது பத்திரம் குடியரசுத் தலைவருக்கு எழுதிக் கொடுத்த அடமானம். "ஜனாதிபதிக்கே கடன்காரன் ஆயிட்டியாடா!" என்று என் தகப்பனார் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அரசாங்க வேலை இல்லாதவர்களுக்கு அந்தக் காலத்தில் வழி குறைவு. 1977-இல் எச்.டி.எஃப்.சி. தொடங்கப்பட்ட பிறகுதான் மாதச் சம்பளக்காரருக்கு வீட்டுக் கடன் என்பதே பரவலாயிற்று. பெங்களூரில் 1987-இல் கேன்ஃபின் ஹோம்ஸ், 1988-இல் தேசிய வீட்டுவசதி வங்கி, 1989-இல் எல்.ஐ.சி. ஹவுசிங் ஃபைனான்ஸ் என்று வரிசையாக வந்தன. கடன் பெருகப் பெருகக் காகிதம் பெருகியது. காகிதம் பார்க்க ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

அந்த ஆட்களில் எங்கள் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். சுரங்கம் மூடிய பின் தங்கவயலின் உயிர்நாடி அந்த மாரிகுப்பம் பாதைதான். மாரிகுப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் விடியுமுன் ஏறி, பெங்களூரில் இறங்கி, இரவு வீடு திரும்புகிற கூட்டத்தை யாரும் பார்க்கலாம். கொத்தனார், செக்யூரிட்டி, நர்ஸ், கடைப் பணியாளர் என்று எல்லோரும் அதில் இருப்பார்கள். கொஞ்ச காலமாகக் கழுத்தில் அட்டை தொங்க, பி.காம். படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். என் பால்ய நண்பரின் மகள் அவர்களில் ஒருத்தி. தாத்தாவும் அப்பாவும் சுரங்கத்தில் இருந்தவர்கள். இவள் பெங்களூரில் ஒரு வீட்டுக் கடன் அலுவலகத்தில் அசோசியேட். நான் பெங்களூர் போகும் நாட்களில் ரயிலில் சந்திப்போம். இந்தக் கட்டுரையில் வரும் பல விவரங்கள் அவள் எனக்கு விளக்கியவை.

வேலை என்ன?

கடன் மனு ஒன்று மேஜைக்கு வந்தால் மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். ஆள் யார்? அவரால் கட்ட முடியுமா? வீடு அவர் வாங்கும் நிலையில் இருக்கிறதா?

முதலிரண்டும் ஓரளவு எளிது. அடையாளச் சான்று, சம்பளச் சீட்டு, ஃபாரம் பதினாறு, ஆறு மாத வங்கிக் கணக்கு, முந்தைய கடன்களின் வரலாறு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். 2000-இல் ஏற்பட்ட சிபில் நிறுவனம் நம் கடன் நடத்தைக்கு 300 முதல் 900 வரை மதிப்பெண் போடுகிறது. எப்போதோ வாங்கிய டி.வி. தவணையைக் கட்டாமல் விட்டதும் அங்கே நிற்கும். சம்பளத்தில் மற்ற தவணைகள் போக மிச்சம் எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். எல்லாத் தவணையும் சேர்ந்து வருமானத்தில் பாதியைத் தாண்டினால் பெரும்பாலும் மனு தேறாது. வீட்டின் முழு விலையும் கடனாகக் கிடைக்காது. ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் வரையான கடனுக்குச் சொத்து மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதையும் தாண்டினால் 75 சதவீதம்.

மூன்றாவது கேள்விதான் கடினம். அதில்தான் வேலை தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்று விளங்கும்.

விற்கிறவருக்கு அந்த நிலம் எப்படி வந்தது? அவருக்கு விற்றவருக்கு எப்படி வந்தது? இப்படிப் பின்னோக்கிப் போய்த் தாய்ப் பத்திரம் வரை ஒவ்வொரு கண்ணியையும் பார்க்க வேண்டும். கிரயம், தானம், உயில், பாகப்பிரிவினை எதுவாக இருந்தாலும் ஒன்று மற்றொன்றோடு பொருந்த வேண்டும். அதோடு வில்லங்கச் சான்று. கர்நாடகத்தில் அந்தக் காலப்பகுதியில் பதிவான பரிமாற்றங்கள் இருந்தால் பதினைந்தாம் எண் படிவமும், ஒன்றும் இல்லையென்றால் பதினாறாம் எண் படிவமும் தருவார்கள். கவனமுள்ள வக்கீல்கள் முப்பது ஆண்டுக்கான சான்று கேட்பதற்குக் காரணம் உண்டு. அடமானம் வைத்தவர் தன் சொத்தை மீட்க வழக்குத் தொடர 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் முப்பது ஆண்டு அவகாசம் தருகிறது.

இது விவசாய நிலமாக இருந்து மனையானதா? அப்படியானால் 1964-ஆம் ஆண்டுக் கர்நாடக நில வருவாய்ச் சட்டத்தின் 95-ஆவது பிரிவின்படி டெபுடி கமிஷனர் உத்தரவு இருக்கிறதா? கத்தா யார் பெயரில்? வரைபட அனுமதி உண்டா? நான்கு எல்லைகளும் எல்லாப் பத்திரத்திலும் ஒன்றாக இருக்கின்றனவா? வக்கீலின் கருத்தும், மதிப்பீட்டுப் பொறியாளரின் அறிக்கையும் தனித்தனியே வரும். ஆனால் அவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கம் வைத்து, இது அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறவர் அசோசியேட்தான்.

இதைக் கேட்டபோது எனக்கு என் பழைய உத்தியோகமே நினைவுக்கு வந்தது. ரயில் பாதையைச் சோதிக்க நாங்கள் தண்டவாளத்தோடு நடந்தும், தள்ளுவண்டியில் போயும் பார்ப்போம். பத்து கிலோமீட்டர் பாதை பழுதில்லாமல் இருந்து, ஓரிடத்தில் ஒரு வெல்டிங் மட்டும் விரிசல் விட்டிருந்தால், அந்தப் பத்து கிலோமீட்டரும் வண்டிக்கு ஆகாது. பத்திரச் சங்கிலியும் அப்படித்தான். ஒன்பது பத்திரம் சரியாக இருந்து பத்தாவதில் ஒரு கையெழுத்துக் குறைந்தால், அந்த ஒன்பதும் காப்பாற்றாது.

ஒரு கையெழுத்து

இது கற்பனையான உதாரணம் அல்ல. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்தது. என்னோடு வேலை பார்த்த ஒருவர், ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்து, மகன் பெயரில் கடன் போட்டு, பெங்களூரின் கிழக்கு ஓரத்தில் ஒரு சிறிய வீடு பேசி முடித்தார். விற்கிறவர் நல்ல மனிதர், தமிழர், ஊர்க்காரர். பத்திரம், கத்தா, வரி ரசீது எல்லாம் கண்ணாடி போல இருந்தன. மகனுக்கு நிச்சயதார்த்தமும் ஆகியிருந்தது. கல்யாணத்துக்குள் குடிபோக வேண்டும் என்று அவசரம்.

மனு போன இடத்தில், நான் சொன்ன அந்தப் பெண்ணின் மேஜைக்கே காகிதங்கள் வந்தன. முதல் நிலத்தை 2008-இல் இரண்டு அண்ணன் தம்பிகள் விற்றிருந்தார்கள். அது அவர்களுக்குப் பரம்பரையாக வந்த சொத்து. அவர்களது குடும்ப வாரிசுச் சான்றைப் பார்த்தபோது மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தது. தங்கை. விற்பனைப் பத்திரத்தில் அந்த அம்மாளின் கையெழுத்து இல்லை. விடுதலைப் பத்திரமும் இல்லை.

பரம்பரைச் சொத்தில் பெண்ணுக்கும் பிறப்பால் சம உரிமை என்று தமிழ்நாடு 1989-இலும், கர்நாடகம் 1994-இலும் சட்டம் கொண்டுவந்தன. 2005-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்தின் மூலம் அது நாடு முழுவதற்கும் வந்தது. அந்தத் திருத்தம் வந்தபோது தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்று வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்டு 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே 2008-இல் தங்கையை விட்டுவிட்டு எழுதிய பத்திரம் எந்த நாளும் கேள்விக்கு உள்ளாகலாம். அவள் மனுவை நிறுத்தி வைத்துக் குறிப்பு எழுதினாள்.

நண்பருக்கு ஆத்திரம். என்னிடம் வந்து, "நம்ம ஊர்ப் பொண்ணு, உங்க சினேகிதர் மக, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா சார்?" என்று கேட்டார். நான் அவளிடம் சிபாரிசு செய்யவில்லை. ஆனால் விஷயம் என்ன என்று கேட்டேன். அவள் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்:

"மாமா, நான் விட்டுட்டா இன்னிக்கு அவங்களுக்குச் சந்தோஷம். நாளைக்கு அந்தம்மா கோர்ட்டுக்குப் போனா, வீட்டுக்குத் தடை வரும், தவணை மட்டும் நிக்காது. எங்க அப்பா பேப்பர் இல்லாத வீட்டுல இருபது வருஷம் பயந்துகிட்டே படுத்தாரு. இவங்க பேப்பரை வச்சுகிட்டு அப்படிப் படுக்கணுமா?"

அதற்கு மேல் நான் பேசவில்லை. நண்பரை உட்காரவைத்து விளக்கினேன். விற்கிறவரும் நல்லவராதலால், நிலத்தை முதலில் விற்ற அந்த அண்ணன் தம்பிகளைத் தேடிப் பிடித்தார். தங்கை வாணியம்பாடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தார். பதினைந்து ஆண்டுகளாகப் பிறந்த வீட்டோடு பேச்சே இல்லையாம். காரணம் வேறென்ன, இதே நிலம்தான். அண்ணன்மார் நேரில் போய், ஒரு தொகையைப் பேசிக் கொடுத்து, முறைப்படி விடுதலைப் பத்திரம் பதிவு செய்து வாங்கினார்கள். இரண்டரை மாதம் ஆயிற்று. கல்யாணம் வாடகை வீட்டில் நடந்தது. குடித்தனம் பிறகு சொந்த வீட்டில் தொடங்கியது. கையெழுத்துப் போட்ட அம்மாளுக்கும் அவருக்கு நியாயமாகச் சேர வேண்டியதில் ஒரு பங்காவது கிடைத்தது.

கடல் கடந்த கடன்

எங்கள் லைனைச் சேர்ந்த ஒரு பையன் இதே வேலையை வேறு விதமாகச் செய்கிறான். பெங்களூரில் உட்கார்ந்து அமெரிக்க வீட்டுக் கடன் காகிதங்களைப் பார்க்கிறான். அவர்களுக்குப் பகல், நமக்கு இரவு; ஆகவே சாயங்கால வண்டியில் போய்க் காலை வண்டியில் திரும்புகிறான். அங்கே விதிகள் வேறு. முப்பது ஆண்டுக்கும் ஒரே வட்டி என்பது அங்கே சாதாரணம். நம் நாட்டில் பெரும்பாலும் ஏறி இறங்கும் வட்டி. 2008-இல் வந்த ஒரு சட்டப்படி, அங்கே கடன் பேசி முடிக்கிறவருக்கு உரிமம் வேண்டும். ஆகவே நம் பிள்ளைகள் அந்த வாடிக்கையாளரிடம் வட்டி பேச முடியாது. காகிதத்தைச் சரிபார்ப்பது, எண்களைப் பதிவது, குறையைச் சுட்டுவது ஆகியவையே அவர்கள் பங்கு.

'வெறும் சரிபார்ப்புதானே' என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் வருமானச் சான்றுகூடக் கேட்காமல் கடன் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அதன் விளைவாக 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்து உலகமே ஆடியது. பிறகு 2010-இல் இன்னொன்று வெளிவந்தது. தவணை கட்டத் தவறியவர்களின் வீடுகளைப் பறிமுதல் செய்யும் பிரமாணப் பத்திரங்களில், அலுவலக ஊழியர்கள் படித்துக்கூடப் பார்க்காமல் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இயந்திரக் கையெழுத்து என்றே அதற்குப் பெயர் வந்தது. 2012-இல் ஐந்து பெரிய வங்கிகள் 49 மாநில அரசுகளோடும் மத்திய அரசோடும் 2,500 கோடி டாலர் அளவுக்கு ஒப்பந்தம் செய்துகொள்ள நேர்ந்தது. படிக்காமல் போட்ட ஒரு கையெழுத்துக்கு மறுமுனையில் ஒரு குடும்பம் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இந்த வேலையில் கஷ்டமும் உண்டு. மாதக் கடைசியில் இத்தனை மனு முடிக்க வேண்டும் என்ற இலக்கு தலைக்கு மேல் தொங்கும். வீடு விற்கும் ஆள் ஒரு பக்கம் அவசரப்படுத்துவார், கடன் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்டு இன்னொரு பக்கம். கண் வலி, முதுகு வலி, ரயிலில் போகும் நாலைந்து மணி நேரம். வட்டி விகிதம் ஏறி மனுக்கள் குறைந்தால் முதலில் ஆட்டம் காண்பதும் இந்த வேலைகள்தான். கம்ப்யூட்டரே பத்திரம் படிக்கும் காலமும் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் வாணியம்பாடியில் ஒரு தங்கை இருப்பாள் என்று சந்தேகப்படுவதற்கு, குடும்பம் என்றால் என்னவென்று தெரிந்த ஒரு மனிதர் வேண்டும் என்பதே என் எண்ணம்.

நம் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள்

கணக்கு ஒன்றைப் பாருங்கள். 30 லட்சம் ரூபாய், 9 சதவீத வட்டி, 20 ஆண்டு. மாதத் தவணை ஏறக்குறைய 26,992 ரூபாய். முதல் மாதத் தவணையில் 22,500 ரூபாய் வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது 4,492 ரூபாய்தான். பத்து ஆண்டு ஒழுங்காகக் கட்டிய பிறகும் 21 லட்சத்துக்கு மேல் பாக்கி நிற்கும். பாதி அசல் தீரப் பதினான்கு ஆண்டு ஆகும். 20 ஆண்டில் கட்டும் மொத்த வட்டி சுமார் 34.78 லட்சம். அதே கடனைப் 15 ஆண்டில் தீர்த்தால் தவணை 30,428 ரூபாய். வட்டி சுமார் 24.77 லட்சம். மாதம் 3,436 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் பத்து லட்சம் மிச்சம். பெண் கல்யாணத்துக்குச் சீட்டுக் கட்டத் தெரிந்த நம் தாய்மார்களுக்கு இந்தக் கணக்கு கடினமானதல்ல.

மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்று 2012-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. கையில் போனஸ் வந்தால் ஒரு பகுதியை அசலில் போடலாம். கடன் தீர்ந்த முப்பது நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும்; அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறை. பத்திரத்தை வாங்கியதோடு நிற்காமல், வில்லங்கச் சான்றில் அடமானம் நீங்கியதா என்றும் பார்த்துவிடுங்கள்.

தவணை தவறினாலும் தலைமறைவாகாதீர்கள். தொண்ணூறு நாள் தவறினால் அது வாராக் கடன் கணக்குக்குப் போகும். 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி அறுபது நாள் நோட்டீஸ் கொடுத்து வீட்டைக் கையகப்படுத்தலாம். அந்த நோட்டீசுக்குப் பதில் எழுதும் உரிமையும், பின்னர் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் 45 நாளுக்குள் முறையிடும் உரிமையும் நமக்கு உண்டு. முதல் தவணை தவறும்போதே போய்ப் பேசுகிறவருக்கு வழி பிறக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கடன் அலுவலகத்தில் ஒரு பிள்ளை உங்கள் காகிதத்தை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டால் கோபம் கொள்ளாதீர்கள். 'நம்மவர்தானே விற்கிறார்' என்பது பத்திரத்துக்கு மாற்று ஆகாது. கடன் கிடைக்கவில்லை என்று கடிந்துகொள்வதற்கு முன், ஏன் கிடைக்கவில்லை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூலியில்லாமல் கிடைத்த நல்ல ஆலோசனையாக அது இருக்கக் கூடும்.

நண்பரின் மகள் சென்ற ஆண்டு தன் பெயரிலும் தாயார் பெயரிலும் சேர்த்துப் பங்காருப்பேட்டையில் ஒரு மனை வாங்கியிருக்கிறாள். சிறு கடன்தான். முப்பது ஆண்டு வில்லங்கத்தைத் தானே உட்கார்ந்து பார்த்தாள் என்று சொல்ல வேண்டியதில்லை. பதிவு அன்று சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் பெருவிரல் ரேகை வைக்கச் சொன்னபோது அவள் தாயார் தயங்கினார். மகள் பக்கத்தில் நின்று, பத்திரத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் தமிழில் சொல்லிக் காட்டிய பிறகு, அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து ரேகை வைத்தார்.

நம் பிள்ளைகளுக்கு நாம் சொத்து சேர்த்து வைக்கிறோமோ இல்லையோ, சொத்துக் காகிதத்தைப் படிக்கக் கற்றுக் கொடுத்துவிட வேண்டும். வெளியூரில் வாழும் நமக்கு அதுவே முதல் காவல்.